வேல்ஸுக்கு வெளியே வெல்ஷ் பெண்பெயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் கணவரின் ஊர் வேல்ஸின் வடமேற்கில், கார்னார்வனுக்குப் பக்கம். வீட்டில் வெல்ஷ் மொழி பேசி வளர்ந்தவர். ஆனால் நாங்கள் குடியிருப்பது இங்கிலாந்தில், ஒரு வெல்ஷ் வார்த்தை காதில் விழாத ஊரில். மகள் பிறக்கப் போகிறாள் என்று தெரிந்ததும் வெல்ஷ் பெயர்தான் என்று முடிவாகிவிட்டது, ஆனால் எந்தப் பெயர் என்று முடிவாக ஏழு மாதம் ஆனது. அன்றிலிருந்து இதே மாதிரி சிக்கலில் இருக்கிற சிநேகிதிகள், சிநேகிதிகளின் சிநேகிதிகள், ஒருமுறை ரயிலில் பக்கத்து இருக்கைக்காரி வரை என்னைக் கேட்டுவிட்டார்கள். திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பதில் எழுதியே வைத்துவிடுகிறேன்.

எங்களுக்கும் வேல்ஸுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பெயர் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம். யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். எனக்குத் தெரிந்த வெல்ஷ்காரர்களுக்கு வெளியூர்க் குழந்தைக்குத் தங்கள் பெயர் வைத்தால் சந்தோஷம்தான், பெயரைச் சிதைத்தால்தான் வருத்தம்.

தவிர, தெரியாமலே உலகம் முழுக்க இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. நம்மூர் தேவாலயங்களில் ஞாயிற்றுக்கிழமை ஜெனிஃபர் என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள் இல்லையா? ஆர்தர் ராஜாவின் மனைவிக்கு வெல்ஷில் க்வென்ஹ்விவர் என்று பெயர். அந்தப் பெயரின் கார்ன்வால் வடிவம்தான் ஜெனிஃபர். வினிஃப்ரெட் டீச்சரிடம் படித்தவர்களும் இருப்பீர்கள், அது க்வென்வ்ரெவி என்ற வெல்ஷ் புனிதையின் பெயர், வடக்கு வேல்ஸில் ஹோலிவெல் என்ற ஊரில் அவர் பெயரால் ஒரு புனிதக் கிணறு இன்னும் இருக்கிறது. மேகன் என்பது மார்கரெட்டின் வெல்ஷ் வடிவமான மார்கெட்டைச் சுருக்கிக் கூப்பிட்ட செல்லப்பெயர். 1929இல் வேல்ஸின் முதல் பெண் எம்.பி. ஆன மேகன் லாய்ட் ஜார்ஜுக்கு அந்தப் பெயர்தான். இன்று அமெரிக்காவில் அதை யாரும் வெல்ஷ் என்று நினைப்பதே இல்லை.

யாருக்குமே சரியாகச் சொல்ல வராதே, குழந்தை வாழ்நாள் முழுக்கத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டுமா?

இதுதான் எல்லோருக்கும் முதல் பயம். எனக்கும் இருந்தது. ஆறாம் மாதத்தில் நான் ஒரு வேலை செய்தேன். காபிக் கடையில் கோப்பையில் எழுதப் பெயர் கேட்பார்களே, அங்கே என் பெயருக்குப் பதிலாக ஒவ்வொரு நாளும் பட்டியலிலிருந்து ஒரு பெயரைச் சொன்னேன். ஹெலெத் என்று சொன்ன அன்று கோப்பையில் ஹெலன் என்று இருந்தது. அங்ஹாரட் என்றதற்கு அந்தப் பையன் என்னையே பார்த்தான், பேனாவைப் பார்த்தான், கடைசியில் வெறும் 'ஆன்' என்று எழுதிக் கொடுத்தான். செரென், எலின், கேரிஸ், மரி எல்லாம் ஒழுங்காக வந்தன. செலவு ஒரு மாதக் காபிக் காசு, ஆனால் எந்தப் புத்தகத்திலும் இந்தத் தகவல் கிடைக்காது.

இன்னொன்று. வேல்ஸுக்குப் போய்விட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களில் வெல்ஷ் பேசத் தெரிந்தவர்கள் 17.8 சதவீதம்தான். அங்கேயும் ஆஸ்பத்திரி வரவேற்பறையில் 'எப்படி எழுதுவீங்க?' என்று கேட்கத்தான் செய்கிறார்கள்.

உச்சரிப்பைப் பொறுத்தவரை வெல்ஷ் ஆங்கிலத்தைவிட நூறு மடங்கு நேர்மையான மொழி, எழுதியபடியே படிப்பார்கள். நாலைந்து விதி தெரிந்தால் போதும்:

எஃப் ஒற்றையாக வந்தால் அது 'வ'. இரண்டு எஃப் வந்தால்தான் 'ஃப'. அதனால் மவான்வி என்ற பெயரில் ஒரு எஃப், ஃபீயோன் என்ற பெயரின் முதலில் இரண்டு எஃப்.

இரண்டு டி சேர்ந்து வந்தால் நாம் 'அது' என்று சொல்லும்போது வரும் மெத்தென்ற 'த'. ஹெலெத் முடிவது அப்படித்தான்.

எஸ்-ஸும் ஐ-யும் சேர்ந்து, அடுத்து உயிரெழுத்து வந்தால் 'ஷ'. ஷான், ஷுவான்.

டபிள்யூவும் ஒய்யும் உயிரெழுத்துகளாகவும் வரும்.

அழுத்தம் அநேகமாக எப்போதும் கடைசிக்கு முந்தின அசையில். அங்-ஹா-ரட் என்றால் 'ஹா'வில். ரி-அன்-னன் என்றால் 'அன்'னில். ஆங்கிலேயர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்த அழுத்தத்தில்தான்.

அந்த இரண்டு எல் சத்தம் வரும் பெயரை வைக்கவே கூடாதா?

வைக்கலாம், ஆனால் முதலில் உங்களுக்குச் சொல்ல வர வேண்டும். லினோஸ், லெய்கி, க்வென்லியன் என்று நான் தமிழில் எழுதுவது எல்லாம் சமாளிப்பு. அந்தச் சத்தத்துக்குத் தமிழில் எழுத்தே கிடையாது. ஆங்கிலேயர்கள் சிலர் 'தல' என்பார்கள், சிலர் 'க்ல' என்பார்கள், இரண்டும் தப்பு.

எனக்குக் கற்றுக்கொடுத்தது மாமியார். சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, "ல் சொல்றதுக்கு நாக்கை வை. வெச்சியா? இப்ப சொல்லாதே. ஊது," என்றார். ஊதினேன். வெறும் காற்று. ஈரக் கையைத் துடைத்துவிட்டு என் கையை எடுத்துத் தன் கன்னத்துப் பக்கம் வைத்து, தானே ஒருமுறை சொல்லிக் காட்டினார். மூச்சு நேராக வரவில்லை, கடைவாய்ப் பக்கமாகக் கசிந்து வந்து என் விரலில் பட்டது. அதுதான் சூட்சுமம். நாக்கு நுனி 'ல்' இடத்தில் அசையாமல் இருக்கும், தொண்டையில் அதிர்வு இருக்காது, காற்று மட்டும் பக்கவாட்டில். இரண்டு வாரத்தில் வந்துவிட்டது. பதிலுக்கு நான் 'வாழைப்பழம்' சொல்லிக் கொடுத்தேன், அவருக்கு இன்னும் 'வாலைப்பலம்'தான். ஆகவே கணக்கு நேர்.

உங்களுக்கே வராத சத்தத்தைக் குழந்தைக்கு முதல் பெயராக வைக்காதீர்கள். இரண்டாவது பெயராக வைத்துக்கொள்ளுங்கள், அதை யாரும் தினமும் கூப்பிடப் போவதில்லை. நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

ப்ரான்வென்னா, ப்ரான்வின்னா?

பெண் என்றால் ப்ரான்வென். இதில் மட்டும் நான் கறார்.

வெல்ஷில் 'க்வின்' என்றால் வெள்ளை, தூய, ஆசி பெற்ற என்றெல்லாம் அர்த்தம், ஆண்பாலுக்கு. பெண்பாலுக்கு அதுவே 'க்வென்'. நம் வெள்ளையன், வெள்ளையம்மாள் மாதிரி. பெயரின் கடைசியில் ஒட்டும்போது முன்னால் இருக்கும் 'க்' விழுந்து, ஆண் பெயர் 'வின்' என்றும் பெண் பெயர் 'வென்' என்றும் முடியும். ஆல்வென், ஹெயில்வென், ட்வின்வென், ப்ரான்வென் எல்லாம் பெண்கள். வேல்ஸுக்கு வெளியே, முக்கியமாக ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, அமெரிக்கா பக்கம், ஒய் போட்டு எழுதினால் இன்னும் 'வெல்ஷாக'த் தெரிகிறது என்று யாரோ நினைத்திருக்கிறார்கள் போல, ப்ரான்வின் என்று பெண்களுக்கு வைக்கும் வழக்கம் நிலைத்துவிட்டது. அங்கே பிறந்து அந்தப் பெயரோடு வளர்ந்தவரிடம் போய் உன் பெயர் தப்பு என்று சொல்லாதீர்கள், அது அவர் பெயர். ஆனால் புதிதாக வைப்பவர் தெரிந்து வையுங்கள். வெல்ஷ் பேசுபவர் காதுக்கு அது ஒரு பெண்ணை வெள்ளையன் என்று கூப்பிடுவது போல.

உடனே 'அப்போ க்வினெத்?' என்று ஒருவர் கேட்பார். அது பெண் பெயர்தான், முதலில் வரும் 'க்வின்'னுக்கு இந்த விதி இல்லை, கடைசியில் வருவதற்குத்தான்.

இதே ரகத்தில் ப்ரின். வெல்ஷில் குன்று என்று அர்த்தம், ஆண் பெயர். அமெரிக்காவில் கூடுதலாக ஒரு 'என்' சேர்த்துப் பெண்களுக்கு வைக்கிறார்கள். பென்சில்வேனியாவில் பெண்கள் கல்லூரிக்குப் பேர்போன ப்ரின் மாவர் என்ற ஊரின் பெயருக்குப் 'பெரிய குன்று' என்று அர்த்தம், அவ்வளவுதான். மார்கனும் வேல்ஸில் பரம்பரையாக ஆண் பெயர், வெளியே இரு பாலருக்கும்.

இணையப் பட்டியல்களில் போட்டிருக்கும் அர்த்தங்களை நம்பலாமா?

பாதி நம்பலாம். செரென் நட்சத்திரம், எய்ரா பனி, எயர்லிஸ் பனித்துளிப்பூ, என்விஸ் வானவில், க்வாவ்ர் விடியல், லினோஸ் ஒரு சின்னப் பாட்டுக்குருவி. இவை அன்றாட வெல்ஷ் வார்த்தைகள், சந்தேகமே இல்லை. ஆனால் அதே பட்டியலில் டெகன் என்றால் 'அழகி' என்று இருக்கும். 'டெக்' என்றால் அழகு என்பது உண்மைதான், ஆனால் டெகன் என்ற வார்த்தைக்கு வெல்ஷில் பொம்மை, விளையாட்டுச் சாமான் என்று அர்த்தம். பொம்மைக் கடை வாசலில் எழுதியிருப்பது அதுதான். அந்தப் பெயரில் பெண்கள் இருக்கிறார்கள், யாரும் கேலி செய்வதில்லை, ஆனால் தெரிந்துகொண்டு வைப்பது நல்லது.

காரியாட் என்றும் சிலர் வைக்க ஆசைப்படுகிறார்கள். அது அன்பு, கண்ணே, செல்லம் என்று வீட்டில் கூப்பிடும் சொல். மாமியார் என்னை, நாயை, தபால்காரரை எல்லோரையும் காரியாட் என்றுதான் கூப்பிடுவார்.

நியா ஐரிஷ் மொழியிலிருந்து வந்தது, எரின் என்றால் அயர்லாந்து. இரண்டும் வேல்ஸில் நன்றாகப் புழங்குகிற பெயர்கள்தான், ஆகவே 'சுத்தமான வெல்ஷ்' என்று தேடுவதில் அர்த்தமில்லை. கேரிஸ் பழைய பெயர் என்று நினைப்பார்கள், 'காரு' என்ற நேசித்தல் வினையிலிருந்து அண்மைக் காலத்தில் செய்துகொண்ட பெயர் அது. எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

மாபினோகிப் பெயர் வைத்தால் கதையில் வரும் கஷ்டமும் வந்துவிடுமா?

இதைக் கேட்டது தமிழ் அம்மாக்கள் மட்டும்தான். சீதை, கண்ணகி என்று வைக்க யோசிக்கும் அதே கை. மாபினோகி என்பது வேல்ஸின் இடைக்காலக் கதைத் தொகுதி, அதிலுள்ள பெண்களுக்குச் சுகமான வாழ்க்கை இல்லைதான். ரியன்னன் பெற்ற குழந்தை காணாமல் போக, காவலுக்கு இருந்த பெண்கள் நாய்க்குட்டி ரத்தத்தைப் பூசி அவளே கொன்றாள் என்று பழி போட்டுவிடுகிறார்கள், தண்டனையாக வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களைத் தன் முதுகில் சுமந்து உள்ளே கொண்டுபோக வேண்டும் என்று தீர்ப்பு. ப்ரான்வென்னிலிருந்து ஒரே ஓர் எழுத்து தள்ளியிருக்கிற ப்ரன்வென்னை அயர்லாந்து ராஜாவுக்குக் கட்டிக்கொடுக்கிறார்கள், அங்கே அவளை அடுப்படியில் தள்ளி, தினமும் கசாப்புக்காரன் வந்து காதோடு அறைய வைக்கிறார்கள். அவள் மாவு பிசையும் தொட்டி ஓரத்தில் ஒரு மைனாவின் சாதிப் பறவையை வளர்த்துப் பேசப் பழக்கி, அதன் சிறகில் கடிதம் கட்டி அண்ணனுக்கு அனுப்புகிறாள். புகுந்த வீட்டுக் கொடுமையைச் சொல்ல அதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது. இருந்தும் வேல்ஸ் முழுக்க ரியன்னன்களும் ப்ரன்வென்களும் நிம்மதியாகத்தான் இருக்கிறார்கள்.

பூக்களால் செய்யப்பட்ட ப்ளொடெய்வெத் மட்டும் வேண்டாம் என்பேன். புருஷனைக் கொல்லக் காதலனோடு சதி செய்து ஆந்தையானதற்காக இல்லை, ஆங்கிலம் பேசும் பள்ளியில் அந்தப் பெயரை முதல் நாளே கொன்றுவிடுவார்கள். மென்மையான கதை வேண்டுமானால் ஆல்வென். அவள் காலடி வைத்த இடமெல்லாம் வெள்ளைப் பூக்கள் நான்கு முளைக்குமாம்.

எல்லோருக்கும் புரிகிற மாதிரி எழுத்தை மாற்றிக்கொள்ளலாமா?

வேண்டாம். ஃபீயோனில் ஓர் எஃப்பை எடுத்துவிட்டால் வெல்ஷ்காரர் அதை 'வீயோன்' என்று படிப்பார். மேகனுக்கு நடுவில் ஹெச் போடுவது வெளியே வந்த பழக்கம், வேல்ஸில் அது இல்லை. சுலபமாக்கிய எழுத்து இருபக்கமும் தகராறு. இங்கே சொன்னால் புரியாது, அங்கே போனால் சிரிப்பார்கள். கஷ்டமான எழுத்து பிடிக்கவில்லை என்றால் சுலபமான பெயரையே தேர்ந்தெடுங்கள், அதற்கு எலெரி, எலின், மாலி, காட்ரின், லவ்ரி என்று நிறைய இருக்கிறது.

ஷான் என்ற பெயரில் 'ஏ' மேலே இருக்கும் கூரைக்குறி?

அதை வெல்ஷில் 'டோ பாக்' என்பார்கள், சின்னக் கூரை. உயிரை நீட்டிச் சொல் என்பதற்கு. கலிஃபோர்னியாவில் பிறப்புச் சான்றிதழில் இந்த மாதிரிக் குறிகளை வெகுகாலம் ஏற்கவில்லை. எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டிலும் கீழே இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகளில் கூரை வராது. ஆகவே கூரை இல்லாமலும் அந்தப் பெயர் அந்தப் பெயர்தான், கையெழுத்தில் போட்டுக்கொள்ளட்டும். தமிழில் எழுதினால் ஷான் என்று ஆண் பிள்ளை மாதிரி இருக்கும், தாத்தா பாட்டிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

குடும்பத்தில் வேறு மொழியும் இருந்தால்?

அந்த மொழியில் ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன்.

மாமியாரின் அம்மா பெயர் மேரியின் வெல்ஷ் வடிவம், அதாவது மைர். ஒரே அசை. அந்தப் பெயரை வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவர் கண் கலங்கச் சொல்ல, கணவரும் தலையாட்ட, எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அன்று ராத்திரி அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஏன்டி, உலகத்துல வேற பேரே கிடைக்கலையா? நான் அதைத் தெருவுல நின்னு கூப்பிட முடியுமா?" என்றார்.

மாமியாரிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன். தலைமுடிக்கு ஒரு வார்த்தை இருக்கிறது, கோபம் வந்தால் அதைச் சொல்லித்தான் திட்டுவோம் என்று. சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது. பிறகு அவரே சொன்னார், மேரிக்கு வெல்ஷில் இன்னொரு வடிவம் இருக்கிறது, மரி. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நம்மூர்க் கிறிஸ்தவர்கள் மரியன்னை என்பது அதே மரி. கொஞ்சம் நீட்டினால் மாரி, மழை. அம்மா கேட்டதும், "சமயபுரத்தாளே வந்துட்டா, போ," என்று முடித்துவிட்டார். இன்றுவரை அம்மா மாரி என்கிறார், மாமியார் மரி என்கிறார், இவள் இரண்டுக்கும் திரும்புகிறாள்.

பெயர் வாக்கியத்தில் மாறுமா? வெல்ஷில் முதலெழுத்து மாறும் என்கிறார்களே.

ஊர்ப்பெயர்கள் மாறும், ஆட்பெயர்கள் இன்றைய வழக்கில் மாறுவதில்லை. பின்னால் வரும் அடைமொழிதான் மாறும். சின்னது என்பதற்கு 'பாக்', பெண் குழந்தை என்றால் அது 'வாக்' ஆகிவிடும். மரி வாக், சின்ன மரி.

கடைசிப் பெயர் எப்படி?

பழைய வெல்ஷ் வழக்கம் நம் இனிஷியல் மாதிரி அப்பா பெயர்தான், பையன் என்றால் 'ஆப்', பெண் என்றால் 'வெர்க்'. ஆங்கில ஆட்சியின் பதிவேடுகளுக்காகக் குடும்பப்பெயர் நிலைத்தபோது ஆப் ஹவெல் பவல் ஆனது, ஆப் ரீஸ் ப்ரைஸ் ஆனது, மீதிப் பேர் ஜோன்ஸ், டேவிஸ், வில்லியம்ஸ், எவன்ஸ். ஒரே தெருவில் பத்து ஜோன்ஸ் இருந்தால் முதல் பெயர்தான் ஆளைக் காட்ட வேண்டும். இன்று சிலர் மறுபடியும் வெர்க் போட்டுக்கொள்கிறார்கள். வெளிநாட்டில் விண்ணப்பப் படிவத்தோடு மல்லுக்கட்டத் தயார் என்றால் நீங்களும் போடலாம்.

வேல்ஸுக்கு வெளியே இந்தப் பெயர் நிலைக்குமா?

க்வென்லியனைச் சொல்கிறேன், எங்கள் மகளின் இரண்டாவது பெயர் அதுதான். வரலாற்றில் அந்தப் பெயர் கொண்ட இளவரசி 1282இல் பிறந்தவள். பெற்றதும் தாய் போய்விட்டாள். அதே ஆண்டு டிசம்பரில் தந்தை, வேல்ஸின் கடைசி சுதேச இளவரசர் என்று சொல்லப்படும் லவெலின் ஆப் க்ரிஃபித், கில்மெரியில் கொல்லப்பட்டார். கைக்குழந்தையை ஆங்கிலேய ராஜா முதலாம் எட்வர்ட் லிங்கன்ஷயரில் செம்ப்ரிங்ஹாம் கன்னிமடத்துக்கு அனுப்பிவிட்டார், வாரிசு எதுவும் வந்துவிடக் கூடாதென்று. 1337இல் அங்கேயே இறந்தாள். தன் மொழி பேசுபவர் யாருமில்லாத இடத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட வருடம். அங்கே அவள் பெயரை 'வென்சிலியன்' என்கிற மாதிரியெல்லாம் எழுதிவைத்திருக்கிறார்கள். 2009இல் ஸ்னோடோனியாவில் ஒரு மலைச்சிகரத்துக்கு அவள் பெயரை வைத்தார்கள், கார்னெத் க்வென்லியன், எழுத்துப் பிழையில்லாமல்.

பட்டகோனியாவையும் பாருங்கள். 1865இல் மிமோசா என்ற கப்பலில் அர்ஜென்டினா போய் இறங்கிய வெல்ஷ்காரர்களின் வாரிசுகளுக்கு, இருபதாம் நூற்றாண்டில் வெகுகாலம் வெல்ஷ் பெயரைப் பதிவு செய்ய அரசாங்கம் இடம் கொடுக்கவில்லை, ஸ்பானிஷ் பெயர் வேண்டும் என்றது. இன்றும் அங்கே வெல்ஷ் பெயர்கள் இருக்கின்றன.

முடிவெடுக்க எவ்வளவு நேரம் இருக்கிறது?

இங்கிலாந்தில் 42 நாளுக்குள் பதிய வேண்டும், ஸ்காட்லாந்தில் 21. வெல்ஷும் ஆங்கிலமும் சேர்ந்த சான்றிதழ் வேல்ஸில் பதிந்தால்தான் கிடைக்கும்.

இப்போது மகளுக்கு அந்த இரண்டு எல் சத்தம் வருகிறதா?

நாலு வயது. மழை நாளில் பஸ் ஜன்னலில் வாயை வைத்து ஊதி ஊதிப் பழகுகிறாள், கண்ணாடியில் ஒரு பக்கம் மட்டும் ஆவி படிகிறது. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "க்வென்லியன்," என்று அவருக்குச் சொல்லிவிட்டு மறுபடி ஊத ஆரம்பித்துவிட்டாள்.